தவளை அகழியில் தேர் திரும்புமா?

1

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் நேரத்தில், உலகத்தின் விலை உயர்ந்த தெருக்களில் ஒன்றில், நகைக்கடை வாசலில் குத்த வைத்து உட்கார்ந்து இரும்பு டேப்பால் ரோட்டை அளந்துகொண்டிருந்தால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் சூரிச் நகரத்துப் போலீசும் நினைத்தது. அந்த மனிதன் நான். டேப்பின் ஒரு முனையைக் கடையின் இரும்புக் கதவுக்கு அடியில் செருகிவிட்டு, மறுமுனையோடு டிராம் தண்டவாளம் வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது கதவுக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடி கறுப்பு பூட்ஸ் நின்றன.

முதலில் காலை வணக்கம் சொன்னார்கள். இந்த நாட்டில் கொள்ளைக்காரனாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விசாரிப்பார்கள். நானும் சொன்னேன். பிறகு இருவரில் ஒருவரான பெண் போலீஸ் கேட்டார்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"ஒரு வண்டி இந்த இடத்தில் திரும்புமா என்று பார்க்கிறேன்."

இருவரும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கடிகாரங்களையும் வைரங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன மாதிரி வண்டி?"

"பெரியது. இரும்புச் சக்கரம். கிளம்பிவிட்டால் நிறுத்துவது கஷ்டம்."

"எத்தனை பேர் வருவீர்கள்?"

"அதைச் சொல்ல முடியாது. ஊரே வரும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் என் துரதிர்ஷ்டம். ஜெர்மன் மொழியில் 'வந்தால்' என்பதற்கும் 'வரும்போது' என்பதற்கும் ஒரே சொல்தான். அது வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொன்னது, வரும்போது எப்படி இருக்கும் பாருங்கள் என்று அவர்கள் காதில் விழுந்திருக்கலாம். என் அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே சாக்பீஸும் ஒரு வாழைப்பழமும் இருந்தன. கடைசியில் இனிய ஞாயிறு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இது இத்தோடு முடிந்திருந்தால் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் நானும் மனைவி ரூபியும் மகள் ஜெனியும் சேர்ந்து குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். மூவருக்கும் ஒரே கோப்பு. கோப்பில் ஒரு கறை விழுந்தால் மூவர் மேலும் விழும்.

2

தேர் என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில், ஒரு பெயிண்ட் கடைக்குப் பின்னால். வேலை பார்த்தது ராஜபாளையத்தில், ஒரு நூற்பாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில். பெண் எடுத்ததும் அதே ராஜபாளையத்தில்தான். ஆலையில் ஓடிய இயந்திரங்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. அவற்றோடு சண்டை போட்டே பழகிப்போன என்னை, அவற்றைச் செய்த கம்பெனியே கூப்பிட்டுக்கொண்டது. இப்போது சூரிச்சுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் குடியிருந்துகொண்டு, அந்த இயந்திரங்களை எப்படி ஓட்ட வேண்டும் என்று குறிப்பேடு எழுதுகிறேன். நான் எழுதுவதை ராஜபாளையத்தில் யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் படித்ததில்லை.

இங்கே பள்ளி விடுமுறையும் நம் ஆடி மாதமும் ஒன்றாக வரும். போன வருடம் மூவரும் ஊருக்கு வந்திருந்தோம். ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்த மறுநாள், என் பள்ளித் தோழன் முத்துராஜ் தன் கடை வாசலில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தான். ஃபிளெக்ஸ் போர்டு அடித்துக் கொடுக்கிற கடை அவனுடையது. ஊருக்கெல்லாம் போர்டு அடிப்பவன், தேருக்காகத் தன் கடைப் போர்டையே கழற்றி வைத்திருந்தான். தெரு நெடுக மின்வாரிய ஆட்கள் அவிழ்த்த கம்பிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து, நான் வாரம் ஒருமுறையாவது கடந்துபோகும் தெருவைக் காட்டினேன். எத்தனை பெரிய வங்கிகள், எத்தனை சுத்தம், உலகமே வந்து பார்க்கிற தெரு என்றெல்லாம் ஏணியின் அடியில் நின்று அளந்துவிட்டேன்.

"பேர் என்னலே?" என்றான் மேலிருந்து.

"பான்ஹோஃப்ஸ்ட்ராஸே."

"அப்படின்னா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். "ஸ்டேஷன் ரோடு."

"ஏலே, ஸ்டேஷன் ரோட்டப் பாக்கவா ஏரோப்ளேன்ல போன? ராஜபாளையத்துல ஒண்ணு கெடக்கே, மினி பஸ்ல போயிருக்கலாமே. செத்த நேரம் ஏணியப் பிடி."

பிடித்தேன்.

"அம்புட்டுப் பெரிய ரோடுங்கியே, நம்ம தேர் அதுல போகுமா?"

"தாராளமாப் போகும்."

"திரும்புமா?"

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"தெரியாதுல்லா? தேர் திரும்புமான்னே தெரியாத ஒரு ரோட்டப் பத்தி எம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்க." பிறகு, பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜெனியிடம் திரும்பினான். "ஏன் பாப்பா, ஒங்கப்பன் அங்கயும் இப்படித்தான் பேசுதானா?"

"அங்க அப்பா பேசவே மாட்டாங்க மாமா," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

3

எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும் வரக்கூடிய வியாதி இது. பாரிஸுக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும், பெரிய ரோட்டைப் பார்த்தவுடன் மனதுக்குள் ஒரு தேரை எடுத்து வைத்துப் பார்ப்பான். வளைவில் இடிக்குமா, மேலே கம்பி தட்டுமா, வடம் பிடித்து நிற்க ஆளுக்கு இடம் இருக்குமா என்று கணக்குப் போடுவான். மற்ற ஊர்களில் தெரு இருக்கும், திருவிழா வந்தால் அதில் தேர் ஓடும். எங்கள் ஊரில் முதலில் தேர். அது சுற்றிவர எவ்வளவு இடம் வேண்டுமோ அதற்குப் பெயர் தெரு. மிச்சம் இருக்கிற இடத்தில் மனிதர்கள் கடை வைத்துக்கொள்ளலாம்.

அப்பா வைத்திருந்தார். கடைக்கு முன்னால் வெயிலுக்கு ஒரு தகரச் சாய்ப்பு. வருடா வருடம் தேருக்கு முன்னால் அதைப் பிரித்து அடுக்குவார். தேர் போன பிறகு, ஒவ்வொரு ஆணியையும் திட்டிக்கொண்டே திரும்ப அடிப்பார். அப்போதெல்லாம் தேர் நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும். ஒரு வருடம் எங்கள் கடை வாசலிலேயே நின்றுவிட்டது. சக்கரம் கடைக் கதவை விட உயரம். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் சந்து வழியாக வீட்டுக்குள் புகுந்து, அம்மா சமைத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று நீலத்துக்கும் பச்சைக்கும் பேரம் பேசினார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா வடத்தைத் தொட்டதில்லை. தேங்காய் உடைத்ததில்லை. அந்த வருடம் எங்கள் சபையின் ஐயர், அதாவது பாதிரியார், வீட்டுக்கு வந்து, "என்ன ஓய், வருசா வருசம் நீரும் சாய்ப்பப் பிரிக்கீரே, இது விக்கிரகத்துக்குச் செய்யுத மரியாதை இல்லையா?" என்று கேட்டார்.

அப்பா கையில் டர்பன்டைன் வாசனையோடு நின்றபடி சொன்னார். "ஐயரே, ரோடு அவியளோடது. நாம வாடகைக்கு இருக்கோம். அவிய போன பொறவு நாம பொழப்பப் பாப்போம்."

அவிய என்று அவர் மரியாதையாகச் சொன்னது தேருக்குள் இருந்த நாச்சியாரை. ஐயர் காபி குடித்துவிட்டு, தேர்ச் சக்கரத்துக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் அங்கியை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போனார்.

இப்போது தேருக்கு இரும்புச் சக்கரம், பிரேக் எல்லாம் வந்துவிட்டது. ஒரே நாளில் முடிகிறது. ஆனால் வளைவில் திருப்புவது இன்றைக்கும் கட்டைதான். சக்கரத்துக்கு முன்னால் சரியான கோணத்தில் கட்டையைப் போட்டால், அத்தனை பெரிய கோபுரமும் அதில் உரசி முகத்தைத் திருப்பும். தவறாகப் போட்டால் யார் வீட்டுச் சுவராவது போகும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் ஒரு ரோட்டைச் சும்மா ரோடாக மட்டும் பார்க்க முடியுமா, சொல்லுங்கள்.

4

முத்துராஜின் கேள்வி விமானத்தில் என்னோடு ஏறி வந்துவிட்டது. திரும்பி வந்தவுடன், அளப்பதற்கு முன்னால் படிக்கலாம் என்று நூலகத்துக்குப் போனேன். படித்த புத்தி, எதற்கும் முதலில் ஒரு புத்தகத்தைத் தேடும்.

படித்ததில் தெரிந்தது இது. நான் ஏணியின் அடியில் நின்று புகழ்ந்த தெரு, ஒரு காலத்தில் தெருவே இல்லை. நகரத்தின் மதிலுக்கு வெளியே கிடந்த அகழி. அதற்கு அவர்களே வைத்த பெயர் தவளை அகழி. ராத்திரி முழுக்கத் தவளை கத்தியிருக்கும். பிறகு ரயில் வந்தது. ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் ஏரி. நடுவில் இந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மண்ணைப் போட்டு மூடினார்கள். மேலே மரம் நட்டார்கள். வங்கிக்காரர்கள் வந்தார்கள். கீழே தவளை இருந்த ஆழத்தில் இப்போது வங்கிகளின் பாதுகாப்பு அறைகள் இருக்கின்றன.

தெருவின் நடுவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. பெரிய வங்கிகளின் முகங்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் நிற்கும். இன்றைக்கு அணிவகுப்புச் சதுக்கம் என்று கம்பீரமான பெயர். பழைய பெயர் பன்றிச் சந்தை. கோட்டுப் போட்ட கனவான்கள் டிராமுக்குக் காத்திருக்கும் அதே இடத்தில் பன்றியின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் கீழ்த்தரமானதுதான். வந்த புதிதில் அந்தத் தெருவில் நடக்கவே கூச்சமாக இருக்கும். கண்ணாடிக் கதவுகளில் என் உருவம் தெரிந்தால் முதுகை நிமிர்த்திக்கொள்வேன். கடைக்காரர்கள் யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலேயே நான் ஒதுங்கிக்கொள்வேன். தவளையைப் பற்றித் தெரிந்த பிறகு ஒதுங்குவதை விட்டுவிட்டேன். வெளியில் இருந்து வந்த மண்ணைக் கொட்டித்தான் தெருவே உண்டாயிருக்கிறது. அதன் மேல் வெளியில் இருந்து வந்த நான் நடப்பதற்கு என்ன வெட்கம்?

அதற்குப் பிறகு அளப்பது சுலபமாக இருந்தது. அளந்து முடிப்பதுதான் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

5

குடியுரிமை நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. கூடவே, கோப்பில் ஒரு போலீஸ் குறிப்பு இருப்பதாகவும் அதற்கு விளக்கம் தர வாய்ப்பளிக்கப்படும் என்றும் ஒரு வரி. அன்று இரவு சாப்பாட்டில் ரூபிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஊர் உலகத்துல ஆம்பளைக குடிச்சிட்டுப் போலீஸ்ல மாட்டுவாக. டேப்ப வச்சு மாட்டுன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"தப்பா ஒண்ணும் செய்யலையே ரூபி."

"செய்யலைல்ல? அப்ப அங்க போயி, தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு வாங்க. நீங்க பெரிய மனுசனா ஆகுததுக்கு இது எடம் இல்ல."

என்னோடு வேலை செய்யும் குகன் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த நேர்காணலை எல்லாம் முன்பே கடந்தவர். சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் கேட்டேன். எங்கள் இருவருக்கும் தமிழ் ஒன்றுதான் என்று கம்பெனியில் எல்லோரும் நினைக்கிறார்கள்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. பிழை விட்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ. தேர் கீர் எண்டு தொடங்கினியளோ, அவங்கள் பயந்து போவாங்கள்."

"உண்மையைச் சொன்னா என்ன?"

"உண்மையைச் சொல்லுறதுக்குப் பாஸ்போர்ட் எடுத்த பிறகு நிறைய நேரம் கிடக்குது அண்ணை."

ஜெனிக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். வகுப்போடு லண்டன் போனபோது விமான நிலையத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வரிசையில் சிரித்துக்கொண்டு போக, அவள் மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேறொரு வரிசையில் நின்றிருக்கிறாள். மொத்த வகுப்பும் அவளுக்காக வெளியில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தது. ஆசிரியை அன்பாக, "பரவாயில்லை, ஜெனி, எங்களுக்கு அவசரமில்லை" என்றாராம். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வந்து சொல்லும்போது அழவில்லை. "இனிமே வெளிநாட்டு ட்ரிப் வந்தா எனக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் மன்னிப்பை மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். ரயிலில் உதட்டை அசைத்தேன். வியாழக்கிழமை பழைய பேப்பர் கட்டும்போது சொன்னேன். இங்கே பழைய பேப்பரைக் கயிறு போட்டுக் கட்டி ரோட்டோரம் வைக்க வேண்டும். நூற்பாலைக்காரன் போடும் முடிச்சைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை மெச்சினார். இத்தனை வருடத்தில் இந்த நாடு எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அது. அப்படிப்பட்ட நல்ல குடிமகனாக நடந்துகொள்வது என்றே முடிவு செய்திருந்தேன்.

6

நாங்கள் குடியிருக்கும் ஊரின் அலுவலகத்தில், நேர்காணல் குழுவாக ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற அம்மாள். அவருக்கு வலப்பக்கம் மாடு வளர்க்கும் ஒரு விவசாயி. ஊர் ஆண்கள் எல்லோரையும் போல மலைக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். ஒரு பல் டாக்டர். மற்ற இருவர் ஒன்றும் பேசவில்லை. எதிரில் நாங்கள் மூவர். ரூபி சர்ச்சுக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள்.

ஊரின் ஏரி, ஊரின் தீயணைப்பு, குப்பையைப் பிரிக்கும் முறை என்று சில கேள்விகள் போயின. குப்பையில் ரூபி முழு மதிப்பெண். பிறகு தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஹெர்' போட்டுக் கேட்டார்.

"ஹெர் ஜெபராஜ், அந்த ஞாயிற்றுக்கிழமை பான்ஹோஃப்ஸ்ட்ராஸேயில் என்ன நடந்தது?"

மனப்பாடம் செய்தது வாய்வரை வந்தது. "அது ஒரு..." என்று தொடங்கினேன். அதற்குள் அவர் எனக்கு உதவி செய்யலாம் என்று நினைத்து, மிகக் கனிவாகச் சொன்னார்.

"எங்கள் தெருவில் அப்படியெல்லாம் செய்வது வழக்கமில்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்."

எங்கள் தெரு. நான் பதினெட்டு வருடமாக நடக்கிற தெரு. மனப்பாடம் அந்த இடத்தில் அறுந்துவிட்டது. நூற்பாலையில் நூல் அறுந்தால் அது தெரியும். சத்தமில்லாமல், நூல் ஏறுகிற ஒரு கதிர்க் கம்பி மட்டும் சும்மா சுற்றும்.

"புரிகிறது," என்றேன். "ஆனால் எனக்கு வருத்தமில்லை."

ரூபியின் செருப்பு என் காலை மிதித்தது. நான் நிறுத்தவில்லை.

"எங்கள் ஊரில் ஒரு பெரிய தெருவைப் பார்த்தால் தேர் போகுமா என்றுதான் கேட்போம். கண்ட தெருவைப் பார்த்துக் கேட்க மாட்டோம். மரியாதைக்குரிய தெருவைப் பார்த்துத்தான் கேட்போம். உங்கள் தெருவுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தேன். சுற்றுலா வந்தவன் தெருவைப் போட்டோ எடுப்பான். அளக்க மாட்டான். அங்கேயே இருக்கப் போகிறவன்தான் அளப்பான். அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பாஸ்போர்ட் வாங்கினால், அதை என் மகளிடம் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பேன்?"

பல் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரூபி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் என்று நினைக்கிறேன்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்று தவளை அகழியையும் சொன்னேன். "அந்தப் பள்ளத்தை மூடும்போது தவளைகளைக் கூப்பிட்டு இங்கே என்ன வழக்கம் என்று யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை," என்றேன். பன்றிச் சந்தையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதையும் சொல்லிவிட்டேன்.

அந்த விவசாயி முன்னால் குனிந்தார்.

"அந்த வண்டி, சரிவில் எப்படி நிற்கும்?"

"கட்டை."

"என்ன கட்டை?"

மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தேராக்கினேன். பல் டாக்டரின் பேனாவையும் தலைவரின் பென்சிலையும் கேட்டு வாங்கிக் கட்டைகளாக்கினேன். சக்கரத்தில் எந்தப் பக்கம் எந்தக் கோணத்தில் போட்டால் தேர் எந்தப் பக்கம் முகம் திருப்பும் என்று காட்டினேன். விவசாயி எழுந்து வந்துவிட்டார். மலைச்சரிவில் வைக்கோல் வண்டியை நிறுத்த அவருடைய அப்பா சக்கரத்துக்கு இரும்புச் செருப்பு ஒன்று மாட்டுவாராம். அது எப்படிக் கட்டையை விட மேல் என்று அவர் சொல்ல, நான் இல்லை என்று சொல்ல, இருவரும் பாட்டிலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

"டிராம் கம்பிகளை என்ன செய்வீர்கள்?" என்றார் பல் டாக்டர்.

"அவிழ்க்க வேண்டும்."

"டிராம் நின்றுவிடுமே?"

"நிற்கட்டும். எங்கள் ஊரில் தேருக்காகத் தெரு முழுக்கக் கரண்டையே நிறுத்துவோம். ஒரு நாள் எல்லோரும் நடந்து போகலாம். நகைக்கடைகளும் நிழற்பந்தலை மடக்கி வைக்க வேண்டும். என் அப்பா மடக்கினார்."

"அப்படியானால் திரும்புமா?" என்றார் தலைவர்.

"திரும்பும். ஊர் மனது வைத்தால் திரும்பும்."

இந்த இடத்தில் ஜெனி வாயைத் திறந்தாள். சூரிச் பேச்சு மொழியில், வேகமாக, ஒரே ஒரு வாக்கியம். நான் அலுவலக ஜெர்மன் படித்தவன். அந்தப் பேச்சு மொழி எனக்கு இன்றும் பாதிதான் பிடிபடும். அவள் சொன்னதில் 'அப்பா' என்ற சொல் மட்டும் புரிந்தது. ஐந்து பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதுவரை பேசாமல் இருந்த இருவரும்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெளியில் வந்து, "என்னம்மா சொன்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா."

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"அதத் தமிழ்ல சொன்னா சிரிப்பு வராது," என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். வீடு வரும் வரை ரூபி என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் சில நாள் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஜெனி மூலமாகக் கேட்டேன்.

அந்த நாட்களில்தான் பயம் வந்தது. வீரம் பேசிய வாய்க்கும் விளைவை அனுபவிக்கிற வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அடுத்த பள்ளிப் பயணத்துக்கான அறிவிப்பு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி ஜெனியின் அறைக் கதவைத் தட்டி, "அப்பா அன்னைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாமோ?" என்று கேட்டேன். "கேட்டிருந்தா ஏர்போர்ட்டுல என் லைனு மாறியிருக்கும். நீங்களும் மாறியிருப்பீங்க," என்றாள். "போய்த் தூங்குங்க."

7

மூவருக்கும் கிடைத்துவிட்டது. கடிதத்தை ரூபி மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குகன், "நீங்கள் கதைச்சபடியால்தான் அண்ணை குடுத்தவங்கள்," என்று கட்சி மாறினார். ஜெனி இப்போது வகுப்போடு ஒரே வரிசையில் நிற்பாள். பழைய பாஸ்போர்ட்டுகளை ஒப்படைக்க வேண்டும். அந்த நாளைப் பற்றி எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஒரு தலைக்கனம் வந்துவிட்டதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு பேனாவையும் ஒரு பென்சிலையும் வைத்து ஒரு நாட்டின் மனதை மாற்றியவன் என்ற நினைப்பில் கொஞ்ச நாள் நடந்தேன். புதிய அடையாள அட்டைக்குப் போட்டோக்களைக் கொடுக்க ஊர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே இருந்த செயலாளர் அம்மாளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். நேர்காணல் அன்று அவரும் பக்கத்து அறையில் இருந்தார்.

"நான் தேரைப் பற்றி விளக்கியதுதான் அவர்களை யோசிக்க வைத்திருக்கும், இல்லையா?"

அவர் போட்டோக்களின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கள் கோப்பில் அன்று மதியமே, நீங்கள் வருவதற்கு முன்பே, ஐவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஹெர் ஜெபராஜ். காபி மெஷின் கெட்டுப்போயிருந்தது. சரிசெய்ய ஆள் வரும்வரை உங்களை உட்கார வைத்து ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தார்கள். அவர் வந்து சரிசெய்துவிட்டுப் போயும்விட்டார். நீங்கள்தான் நிறுத்தவில்லை."